செண்பகனூர் அருங்காட்சியகத்தில் ஒரு முற்பகல்

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குக் குடும்பத்துடன் சென்றபோது, ஏரிக்குப் போகும் முன்பே, இயேசு சபையினர் 1895இல் செண்பகனூரில் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். இடம் சிறியதுதான், ஆனால் பழனி மலையின் விலங்குகளும் பறவைகளும் பாடம் செய்யப்பட்டு, கைக்கெட்டும் தொலைவில் கண்ணாடிப் பேழைகளுக்குள் நிற்கின்றன. மகள் வெகுநேரம் நின்றது பட்டாம்பூச்சிப் பெட்டிகளின் முன்னால்தான். தொட்டால் விரலில் ஒட்டும் அந்தப் பொடி, உண்மையில் கூரை ஓடுகளைப் போல வரிசையாக அடுக்கப்பட்ட நுண்செதில்கள் என்பதை என் மனைவி விளக்க (அவர் விலங்கியல் படித்தவர்), அவள் கண்ணாடியில் மூக்கு பட உற்றுப் பார்த்தாள். அம்மா பாம்புகளைப் பார்க்க மறுத்துவிட்டார். கொடைக்கானல் செல்லும் மதுரைக்காரர்கள் பிள்ளைகளுக்காக இதற்கும் ஒரு மணி நேரம் அவசியம் ஒதுக்குங்கள்.