இரண்டாவது அம்பு

ஞானம் பெற்ற உள்ளம் என்றால் எதையும் உணராத உள்ளம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். முதுகுவலியால் பல வாரங்கள் படுக்கையில் கிடந்த காலத்தில்தான் பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைகளான சுத்தங்களைப் பொறுமையாகப் படித்தேன். கபிலவஸ்துவில் சாக்கியர்கள் கட்டிய புதிய மண்டபத்தில் இரவு வெகுநேரம் அறம் உரைத்த புத்தர், தமக்கு முதுகு வலிப்பதாகக் கூறி, உரையைத் தொடருமாறு சீடர் ஆனந்தரைப் பணித்துவிட்டுப் படுத்துக்கொண்டார் என்று ஒரு சுத்தம் கூறுகிறது. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இதன் பொருளைச் சல்லத்த சுத்தம் திறந்து காட்டுகிறது. உடலில் வலி வந்ததும் வருந்திப் புலம்பும் எளிய மனிதன், ஓர் அம்பு தைத்த உடனே இரண்டாவது அம்பாலும் எய்யப்பட்டவனைப் போன்றவன்; பயின்று தேர்ந்த சீடனுக்கோ முதல் அம்பு மட்டுமே உண்டு. என் படுக்கை நாட்களை எண்ணிப் பார்த்தால், வலியைவிட "எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வியே என்னை அதிகம் வாட்டியது.

ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றித் துன்பத்தில் முடிவதாகப் பௌத்தம் கூறும் பன்னிரு சார்புகளை மணிமேகலை அழகிய தமிழில் அடுக்குகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இவற்றுள் நுகர்வு என்பதைப் பாலியில் 'வேதனா' என்பர். இன்று நாம் வேதனை என்றால் துன்பத்தை மட்டுமே கருதுகிறோம், ஆனால் அங்கே இன்பமும், இரண்டும் அல்லாததும் அதில் அடங்கும். பேதைமை நீங்கிய உள்ளத்தில் நுகர்வு நிகழ்கிறது, அது வேட்கையாக முளைப்பதில்லை. நிப்பானம், அதாவது நிர்வாணம் என்னும் விடுதலை, யாது என்று கேட்டவருக்குப் புத்தரின் தலைச்சீடர் சாரிபுத்தர், ஆசையும் வெறுப்பும் மயக்கமும் அழிவதே என்று விடை கூறியதும் இதனால்தான். உள்ளம் இயல்பிலேயே ஒளி மிக்கது, மாசுகள் வெளியிலிருந்து வந்தவை என்ற கூற்றும் பழைய நூல்களில் உண்டு. பின்னாளில் மகாயானம் என்னும் பௌத்தப் பிரிவு அதை விரிவாக வளர்த்தது. எனக்கு நெருக்கமானது நுகர்வைப் பற்றிய விளக்கமே.

எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டவர் கேமகர் என்னும் பிக்கு, அதாவது பௌத்தத் துறவி. நோயுற்றிருந்த அவரிடம், உடலையோ உணர்வையோ 'நான்' என்று கருதுகிறீரா என்று கோசாம்பியின் மூத்த பிக்குகள் ஆளனுப்பி வினவினர். எதையும் அவ்வாறு கருதவில்லை, ஆயினும் 'நான்' என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை என்று அவர் ஒளிக்காமல் கூறினார். கேள்விகள் தொடரவே, கோலை ஊன்றிக்கொண்டு தாமே அவர்களிடம் சென்று, உவர்மண்ணும் சாணமும் இட்டு வெளுத்த துணியில் அவற்றின் வாடை தங்கிவிடுவதைப் போல, உள்ளத்தைப் பிறவியோடு பிணைக்கும் கீழ்நிலைத் தளைகள் ஐந்தும் அறுந்த பின்னும் அந்த எண்ணம் எஞ்சுகிறது என்றார். அதை விளக்கிக்கொண்டிருந்தபோதே, கேட்ட ஏறத்தாழ 60 பிக்குகளின் உள்ளங்களும் அவருடைய உள்ளமும் விடுதலை பெற்றன. பாலி சுத்தத்தில் அவருடைய உடல்நோய் தீர்ந்ததாக ஒரு சொல்லும் இல்லை.