ஆட்டம் எங்கே இருக்கிறது? சின்ன லேத்தில் மில்லிங் ஸ்லைடு மாட்டிய கதை

சின்ன லேத், அதாவது கடைசல் இயந்திரம், வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் பட்டறை. 7க்கு 14 (அங்குலக் கணக்கு) என்று சொல்கிற ரகம். உருண்டையாக எது கேட்டாலும் கடைந்து கொடுத்துவிடும். தட்டையாக, படியாக, காடியாக ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் அரத்தை எடுத்துக்கொண்டு வைஸ் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

நான் செய்ய ஆசைப்பட்டது ஒரு குட்டி நீராவி இஞ்சின். சிலிண்டரே ஒரு முளையில் தொங்கி முன்னும் பின்னும் ஆடும் வகை. தனியாக வால்வு கிடையாது. சிலிண்டர் ஆடும்போது அதன் முகத்தில் உள்ள துளை, நிற்கும் தூணின் துளைக்கு நேரே வந்தால் நீராவி உள்ளே போகும், விலகினால் அடைபடும். அதனால் அந்த இரண்டு முகங்களும் கண்ணாடி போல ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வேண்டும். சென்னை ராயபுரத்தில் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் வந்து நின்றது நம்ம வாலாஜா ரோட்டில்தான். அந்த ஊர்ப் பக்கத்துக்காரன் ஒரு நீராவி இஞ்சின்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்பது வீட்டில் நான் சொன்ன காரணம். எடுபடவில்லை, ஆனால் தடையும் இல்லை.

சிலிண்டர் முகத்தை, துண்டை நாலு தாடையால் கவ்வும் நாலு ஜா சக்கில் கட்டி, தட்டையாகச் சீவி (ஃபேசிங்) எடுத்துவிடலாம். தூணின் அடியில் வர வேண்டிய படியும், அடித்தட்டில் 6 எம்.எம். அகலக் காடியும் அப்படி ஆகாது. அரத்தால் இரண்டு மாலை முயன்றேன். நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாக, ஒரு நல்ல தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி வந்தது. அப்புறம்தான் மில்லிங் ஸ்லைடு வாங்கினேன்.

விஷயம் எளிமையானது. கடையும் உளியைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டும் அதைத் தாங்கும் டாப் ஸ்லைடும் இருந்த இடத்தில், மேலும் கீழும் போகிற ஒரு ஸ்லைடை நிறுத்துகிறோம். அதன் முகத்தில் சின்ன வைஸ். கட்டர் லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் சுற்றும், வேலைத்துண்டு நகரும். லேத்தின் நீளவாக்கில் ஓடும் கேரேஜை நகர்த்தினால் வெட்டின் ஆழம், அதன் மேல் குறுக்கே ஓடும் கிராஸ் ஸ்லைடு பக்கவாட்டுக்கு, புது ஸ்லைடு உயரத்துக்கு. மூன்று திசையும் கைக்கு வந்துவிட்டது என்று பெட்டியைப் பிரிக்கும்போது தோன்றும். பெட்டியைப் பிரிப்பதுதான் இதில் சுலபமான வேலை.

டாப் ஸ்லைடைப் பின்னால் இழுத்தால் அடியில் இரண்டு ஆலன் போல்ட் தெரியும். அவற்றைக் கழற்றினால் முழுசாகக் கையோடு வந்துவிடும். வந்த ஸ்லைடின் அடித்தட்டுத் துளைகளோ இந்த இரண்டு துளைகளோடு சேரவில்லை. நடுவில் ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தட்டு போட வேண்டும் என்று முடிவு செய்து, பழைய இரும்புக் கடையில் கிடைத்த 20 எம்.எம். தட்டை அறுத்து, துளை போட்டு, பூட்டியும் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. என் லேத்தில் கிராஸ் ஸ்லைடின் மேல்தளத்திலிருந்து ஸ்பிண்டிலின் மையம் வரை 55 எம்.எம்.தான். 20 தட்டுக்குப் போனால் மீதி 35. புது ஸ்லைடைக் கடைசி வரை இறக்கினாலும் வைஸின் வாய் அந்த 35-ஐத் தாண்டி மேலேயே நிற்கிறது. கட்டர் துண்டைத் தொடவே தொடாது, வைஸின் வயிற்றைத்தான் வெட்டும். முதலில் அளந்திருக்க வேண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அடுத்த வாரம் 10 எம்.எம். தட்டு.

நேர் பார்ப்பதுக்கு ஒரு பழைய வழி உண்டு. போல்ட்டுகளை லேசாக விட்டுவிட்டு, கேரேஜை முன்னால் தள்ளி, ஸ்லைடின் முகத்தைச் சக்கின் முகத்தோடு அழுத்தி ஒட்ட வைத்து, அப்படியே இறுக்கிவிடுவது. முக்கால்வாசி நேர் அதிலேயே வந்துவிடும். மீதிக்கு, சின்ன அசைவையும் முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டில் பக்கம் கட்டி, வைஸின் அசையாத தாடை மேல் முள்ளை வைத்து, கிராஸ் ஸ்லைடை முழுத் தூரம் ஓட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் மூன்று பாயிண்ட், அதாவது 0.03 எம்.எம். பரவாயில்லை. மேலும் கீழும் ஓட்டினால் 60 எம்.எம்.க்கு 0.18 சாய்கிறது. அடித்தட்டின் முன் ஓரத்தில் ஷிம், அதாவது மெல்லிய தகடு, வைத்தேன். குளிர்பான டப்பாவைக் கத்தரித்தால் ஏறக்குறைய 0.1 எம்.எம். தகடு கிடைக்கும், ஷிம்முக்கு அதைவிட மலிவான சாமான் இல்லை. காகிதமும் அதே தடிமன்தான், ஆனால் இறுக்க இறுக்க நசுங்கிக்கொண்டே போகும், நம்ப முடியாது.

முதல் வெட்டு ஒரு எம்.எஸ். துண்டில். 10 எம்.எம். எண்ட் மில் கட்டரை மூன்று ஜா சக்கில் பிடித்தேன். செய்யாதே என்று எல்லோரும் சொல்கிற தப்பு; நானும் படித்திருந்தேன். கட்டரின் தண்டைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் கோலெட் வாங்கக் காசு பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஜாவும் கடினம், கட்டரின் தண்டும் கடினம், இரண்டும் வழவழப்பு. எண்ட் மில்லின் முறுக்குப் பல் வெட்டும்போதே தன்னை வெளியே இழுத்துக்கொள்ளும். ஒரு எம்.எம். ஆழம் வைத்துத் தொடங்கிய காடி மறுமுனையில் 1.6-ல் முடிந்தது. கட்டர் சத்தமே இல்லாமல் 0.6 வெளியே வந்திருக்கிறது. இன்னும் நீளமான துண்டாக இருந்திருந்தால் வைஸோடு போயிருக்கும்.

சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் ஈ.ஆர்.25 கோலெட் சக் வாங்கினேன். இந்த லேத்தின் ஸ்பிண்டில் உள்வாய் மூன்றாம் நம்பர் மோர்ஸ் டேப்பர், அதாவது கூம்பு. கோலெட் சக்கின் வாலும் அதேதான். டேப்பர் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று விடக் கூடாது. லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கில் ட்ரில் போடும்போது விசை உள்நோக்கி அழுத்தும், பிடிக்கும். மில்லிங்கில் பக்கவாட்டு உதறல், டேப்பர் தளர்ந்துவிடும். பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க ஒரு டிரா பார் கட்டாயம். எம்.12 மரை போட்ட ராடு ஒரு முழம், ஸ்பிண்டிலின் பின்வாயில் சரியாக உட்காருகிற மாதிரி கடைந்த ஒரு வாஷர், ஒரு நட்டு. அரை மணி நேர வேலை. கழற்றும்போது நட்டை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, ராடின் தலையில் பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டு.

கட்டர் நழுவுவது நின்றுவிட்டது. ஆனால் வெட்டு நன்றாக இல்லை. கொட்டகை முழுக்க கிர்ர்ர் என்று ஒரு அலறல், வெட்டிய இடத்தில் மீன் செதில் மாதிரி வரிவரியாகத் தடம். வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன், ஆழத்தைக் கால் எம்.எம்.முக்குக் கொண்டுவந்தேன். அலறல் சுருதி மாறியதே தவிர நிற்கவில்லை.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பு மெஷின்களுக்கு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு வந்துவிட்டார்.

“இன்னா நைனா, மெஷின் இப்பிடி அழுவுது?”

“ஆட்டம் இருக்குது மாமா. எங்கேன்னு தெரியல. எல்லா ஜிப்பும் டைட் பண்ணிட்டேன்.” ஸ்லைடின் தளர்வை எடுக்கும் பட்டைதான் ஜிப்.

“கண்ணால பாத்தா தெரியாது. மெஷினை நிறுத்து.”

நிறுத்தினேன். வைஸை என் வலது கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். தன் இடது ஆள்காட்டி விரலை, ஸ்லைடும் வைஸும் சேருகிற கோட்டின் மேல் பாதி அங்கே பாதி இங்கே இருக்கும்படி வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. விரலை அடுத்த இணைப்புக்கு இறக்கினார். அங்கேயும் ஒன்றுமில்லை. தட்டும் கிராஸ் ஸ்லைடும் சேருகிற இடத்துக்கு வந்ததும், “இங்க கீது” என்றார். என் விரலை எடுத்து அங்கே வைத்தார். கண்ணுக்கு ஒரு மயிரிழைகூடத் தெரியாத அசைவு, விரல் நுனியில் நாடித் துடிப்பு மாதிரி தெரிந்தது. டயல் கேஜ் வைத்துப் பிறகு அளந்தேன்: 0.04.

காரணம் யோசித்தால் நேரானதுதான். என் தட்டு இரண்டே போல்ட்டில் நிற்கிறது, அதுவும் ஒரே கோட்டில். டாப் ஸ்லைடுக்கு அது போதும். கடைசல் விசை கிட்டத்தட்டக் கீழ்நோக்கியே அழுத்தும். மில்லிங் விசை ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முறை மேலும் கீழும் பக்கமுமாக உலுக்கும். அந்த இரண்டு போல்ட்டையும் அச்சாக வைத்துத் தட்டு ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது.

கிராஸ் ஸ்லைடில் புதிதாக இரண்டு துளை போட வேண்டும். நல்ல மெஷினில் ஓட்டை போட மனசு வரவில்லை, மூன்று நாள் தள்ளிப்போட்டேன். “வித்துட்டுப் போவப் போறியா? இல்லையே, போடு” என்றார் பெரியவர். அடியில் ஸ்லைடு வழுக்கி ஓடும் டவ்டெயில் காடியும் நடுவில் திருகும் நட்டும் எங்கே வருகின்றன என்று அளந்து, அவற்றைத் தொடாத இரண்டு மூலைகளில் தட்டின் வழியாகவே குறி வைத்து, 5 எம்.எம். ட்ரில், எம்.6 டேப். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், காய்ந்தபடியே வெட்டும். கரித்தூள் மாதிரி வருகிற பொடி மட்டும் லேத் பெட்டின் வழித்தடத்தில் விழாமல் ஈரத்துணி விரிக்க வேண்டும். போல்ட் நுனி அடியில் நீட்டிக்கொண்டு, கிராஸ் ஸ்லைடைத் தாங்கும் சேடிலை உரசாதபடி அறுத்துக் குட்டையாக்கினேன்.

நாலு போல்ட்டில் பூட்டிய பிறகு முதல் வெட்டு எடுத்தபோது, மெஷின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தது. அவ்வளவு அமைதி.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு 6 எம்.எம். கட்டரை உடைத்தேன். கிராஸ் ஸ்லைடு திருகில் எனக்கு 0.2 எம்.எம். பேக்லாஷ், அதாவது திருகுக்கும் நட்டுக்கும் நடுவே தளர்வு, இருக்கிறது. கட்டரின் பல் போகிற திசையிலேயே துண்டையும் தள்ளினால், பல் துண்டைக் கவ்வித் தன் பக்கம் இழுக்கும், அந்த 0.2-ம் ஒரே தாவலில் உள்ளே போய்விடும். பெரிய கட்டர் தாங்கும். 6 எம்.எம். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். லேத்தில் ஸ்பிண்டிலின் மேல்பக்கம் நம்மை நோக்கிச் சுற்றுகிறது. ஆகவே துண்டு கட்டருக்கு மேலே இருந்தால் அதை நம்மிடமிருந்து அப்பால் தள்ள வேண்டும்; கீழே இருந்தால் நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அப்போதுதான் பல்லை எதிர்த்துப் போகும். இதை ஒவ்வொரு தடவையும் யோசித்துக் குழம்புவதால், சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டமும் இரண்டு அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். பையன் பார்த்துவிட்டு என்ன கோலம் என்று கேட்டான்.

இன்னொன்று வேகம். 10 எம்.எம். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டருக்கு எம்.எஸ்.ஸில் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 800 சுற்று வரும். நானும் அதையே வைத்தேன். ஆனால் கைப்பிடியை நிதானமாகச் சுற்றினால் நிமிடத்துக்கு 30 சுற்று, அதாவது 30 எம்.எம். போகிறது. நாலு பல் கட்டரில் கணக்குப் போட்டால் ஒரு பல்லுக்கு ஒரு பாயிண்ட்கூட இல்லை. பல் வெட்டவில்லை, தேய்க்கிறது. கட்டர் மழுங்குகிறது, மாவு மாதிரி தூள். இரண்டு பல் கட்டருக்கு மாறி, லோ ரேஞ்சில் 500-க்கு இறக்கினால் அதே கை வேகத்தில் ஒரு பல்லுக்கு மூன்று பாயிண்ட். சீவல் சீவலாகத் தெறித்தது. லுங்கியோடு நின்றுகொண்டிருந்தேன், முழங்காலில் இரண்டு கொப்புளம். லேத் முன்னால் லுங்கி கூடாது என்பதற்குச் சுற்றுகிற பாகத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதே போதுமான காரணம், இது கூடுதல்.

கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் மதியம் நிற்க முடியாது. காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் வேலை. அந்த நேரத்தில் கரண்ட்டும் நன்றாக இருக்கும். சாயந்திரம் ஊரே ஏசி போட்டால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும்.

போன வாரம் தூணின் படியை எடுத்தேன். பித்தளை, காய்ந்தபடியே, ஒரு தடவைக்கு அரை எம்.எம். கேரேஜுக்குப் பூட்டு இல்லாத மாடல் இது. பெட்டின் அடியில் ஒரு தகடு வைத்து எம்.6 போல்ட்டால் இறுக்கும் பூட்டு ஒன்று செய்திருந்தேன், அது உதவியது. நகராத ஸ்லைடு எதுவாக இருந்தாலும் இறுக்கிவிட்டுத்தான் வெட்டுகிறேன். தூணின் முகத்தையும் அதே பிடியில் எடுத்து, கண்ணாடித் துண்டில் நீல மை தடவித் தேய்த்துப் பார்த்தேன். நாலு மூலையிலும் நடுவிலும் நீலம் ஒட்டியிருந்தது. இடது ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு மட்டும் வெறுமை.

அடித்தட்டுக் காடி 6 எம்.எம். கட்டரில் எடுத்தது 6.1 வந்திருக்கிறது. கோலெட் மையம் விலகிச் சுற்றுவதாக இருக்கலாம், ஸ்லைடின் மிச்ச ஆட்டமாகவும் இருக்கலாம். தேடவில்லை. தூணின் நாக்கை 6.1-க்கே மில் செய்து இறக்கிவிட்டேன். பெரியவர் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, “உம்” என்றார். அடுத்தது நீராவித் துளை நாலு. 2 எம்.எம். ட்ரில் இருந்த ஒன்றும் முனை போய்விட்டது. நாளைக்கு வேலூர் லாங்கு பஜார் போகணும்.