கூரையில் இறங்கிய கறுப்புக் கோடுகள்

எங்கள் வீட்டுக் கூரையின் வடக்குச் சரிவில் கறுப்புக் கோடுகள் இறங்கத் தொடங்கியபோது, ஓடுகள்போல் கூரையில் அடுக்கியிருக்கும் தார் வில்லைகளான ஷிங்கிள்களின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்க்க வந்த ஒப்பந்ததாரரும் ஏணியில்கூட ஏறாமல், கூரை முழுவதையும் மாற்றிவிடும்படி கீழே நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஐயத்தைக் கிளப்பியது புகைபோக்கிதான். அதன் அடியில் பதித்திருந்த துத்தநாகப் பூச்சுத் தகட்டுக்கு நேர் கீழே மட்டும், ஒரு முழ அகலத்துக்கு, கூரை நேற்று வேய்ந்ததுபோல் வெளுப்பாக இருந்தது.

அந்தக் கறுப்பு, குளோயோகாப்சா மாக்மா என்னும் நீலப்பச்சைப் பாசி. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது போர்த்திக்கொள்ளும் கருநிற உறையே நம் கண்ணுக்குக் கறையாகத் தெரிகிறது. ஷிங்கிளின் தாரில் கலந்துள்ள சுண்ணாம்புக்கல் பொடி அதற்கு உணவாகிறது. ஈரம் உலரத் தாமதமாகும் நிழல் சரிவு அதற்கு வாழிடமாகிறது. மழைநீர் தகட்டின் மேல் வழியும்போது துத்தநாகம் சிறிதளவு கரைந்து இறங்குவதால், அந்தத் தடத்தில் மட்டும் பாசியால் பிழைக்க முடியவில்லை.

காற்றில்லாத, மேகம் மூடிய ஒரு காலையில், சலவைக்குப் பயன்படும் திரவ பிளீச்சையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, தோட்டத் தெளிப்பானால் கறையின் மேல் தெளித்தேன். சுவரோரச் செடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நன்றாக நனைத்து வைத்தேன். 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டுச் சாதாரணக் குழாய்நீரால் அலசியதும், கறுப்பு பழுப்பாகிக் கரைந்தது. பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். உண்மைதான், கூரையும் அதனுடன் முடிந்துவிடும். ஷிங்கிளின் மேல் ஒட்டியிருக்கும் கல்துகள்களே தாரை வெயிலிலிருந்து காக்கின்றன. பீய்ச்சும் நீர் முதலில் பெயர்ப்பது அவற்றைத்தான்.

அந்தத் துகள்களைத் தேடித்தான் இறவாரத்து மழைநீர் வாய்க்காலில் கைவிட்டுப் பார்த்தேன். புதுக் கூரை முதல் சில மழைகளில் கொஞ்சம் துகள் உதிர்ப்பது இயல்பு. பழைய கூரையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக வந்தால் அது தேய்வின் அடையாளம். எனக்குக் கிடைத்த கரகரப்பான சாம்பல்நிறக் குவியல், கறை படிந்த வடக்குப் பக்கத்து வாய்க்காலில் இல்லை. நான் ஒருமுறைகூடக் கவலைப்படாத தெற்குப் பக்கத்தில் இருந்தது. ஏறிப் பார்த்தபோது, நாள் முழுதும் வெயில் வாங்கும் அந்தச் சரிவில் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. உள்ளங்கை அகலத்துக்குத் துகள் உதிர்ந்த ஓரிடத்தில், தாருக்கு அடியிலிருந்த கண்ணாடியிழை நூல்கள் வெளியே தெரிந்தன.

வடக்குச் சரிவில் முகட்டை ஒட்டித் துத்தநாகப் பட்டை பொருத்தியதோடு நிறுத்திக்கொண்டேன். தெற்குச் சரிவை மாற்ற இன்னொருவரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறேன். அவர் ஏணியோடு வந்தார்.