பத்து மணி என்றால் எத்தனை மணி?

பல நாட்டவர் சேர்ந்து வேலை பார்க்கும் குழுக்களில் மனஸ்தாபம் வருவது தாமதத்தால் என்பார்கள். பாதிதான் உண்மை. “பத்து மணிக்கு மீட்டிங்” என்ற ஒரே வரியை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான குழப்பம். சுவிட்சர்லாந்துக்காரருக்கு அது பேச்சு தொடங்கும் நேரம், 9.55க்கே வந்து மைக்கைச் சரிபார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மெக்சிகோவில் பலருக்கு அது ஆட்கள் கூடத் தொடங்கும் நேரம். நலம் விசாரிப்பதும் மீட்டிங்கில் சேர்த்திதான்.

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் இதை இரண்டாகப் பிரித்தார்: ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வரிசை கட்டுவோர், பல வேலைகளையும் ஆட்களையும் ஒருசேரக் கவனிப்போர். பின்னவருக்கு எதிரில் இருப்பவரின் பேச்சை அறுத்துக்கொண்டு எழுவதுதான் மரியாதைக் குறைவு. உளவியலாளர் ராபர்ட் லெவின் 31 நாடுகளில் நடை வேகம், தபால்தலை வாங்க ஆகும் நேரம், வங்கிக் கடிகாரங்களின் துல்லியம் மூன்றையும் அளந்தார். முதலிடம் சுவிட்சர்லாந்து, கடைசி மெக்சிகோ. அது நகரங்களின் வேகம். தனி ஆளின் நெற்றியில் ஒட்டும் சீட்டு அல்ல. கறாருக்குப் பேர்போன ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில்கூட, பத்து மணி வகுப்பு 10.15க்குத் தொடங்கும் ‘கால் மணி’ மரபு உண்டு.

அழைப்பில் ஒரு நேரத்துக்குப் பதில் மூன்று நேரம் போடுவது பலன் தரும்: 10.00 இணைவது, 10.10 முடிவு எடுக்கவேண்டிய விஷயம், 10.40 முடிவது. முதல் பத்து நிமிடத்தில் தகவல் சொன்னால் போதுமான விஷயங்களை வையுங்கள். வராதவருக்காகக் காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவருக்குத்தான் தண்டனை. அடுத்த முறை அவரும் தாமதமாக வருவார். தாமதமாக வந்தவருக்கு முதலிலிருந்து சொல்வதும் வேண்டாம். சாட்டில் மூன்று வரி போதும்.

நேரத்தைத் தவறவிடாதவர்களையே கவிழ்ப்பது கடிகார மாற்றம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறில் ஒரு மணி முன்னே தள்ளுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறில். இடையில் இரண்டு அல்லது மூன்று வாரம் இரு பக்கத்துக்குமான நேர வித்தியாசம் ஒரு மணி மாறியிருக்கும். இலையுதிர்காலத்தில் ஒரு வாரம் இதே கதை. ஜப்பான் மாற்றுவதே இல்லை. தொடர் மீட்டிங் எந்த ஊர் நேரத்தில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

எத்தியோப்பியாவில் விடியலிலிருந்து மணி எண்ணுவார்கள்: நாம் சொல்லும் காலை ஏழு, அங்கே ஒரு மணி. ஃபோனில் “மூன்று மணிக்கு வாருங்கள்” என்றால் அது காலை ஒன்பதாக இருக்கலாம். காலையா மாலையா என்று கேட்டால் போதாது. எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டும்.

“வெள்ளிக்குள்” என்ற கெடுவும் அப்படித்தான். சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள். 05/06 என்பது அமெரிக்கருக்கு மே 6, ஐரோப்பியருக்கு ஜூன் 5. மாதத்தை எழுத்தில் எழுதி, மணியும் எந்த ஊர் மணி என்பதும் சேர்ப்பதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது.

பண்பாட்டின் மேல் பழி போடும் தாமதங்களில் கணிசமானவை ஒப்புதலுக்காகக் காத்துக்கிடப்பவை. மேலதிகாரி கையெழுத்து போடவில்லை என்று வெளியாரிடம் சொல்ல முடியாது, “ஆகிவிடும்” என்பார்கள். “முடிந்துவிடுமா?” என்ற கேள்விக்கு மரியாதைக்காகவே ஆமாம் வரும். “இன்றுவரை முடிந்ததைக் காட்டுங்கள், அடுத்தது யார் கையில் இருக்கிறது?” என்று கேளுங்கள். நான்கு வார வேலையை வாரம் ஒரு துண்டாகப் பார்த்தால், தாமதம் முதல் வாரத்திலேயே தெரியும்.

உண்மைக் கெடுவை மறைத்து ஒரு வாரம் முன்தேதி கொடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. ஒரு முறைதான் பலிக்கும். குட்டு வெளிப்பட்டதும், நிஜமான கெடுவையும் யாரும் நம்பமாட்டார்கள். வரைவுக்கு ஒரு தேதி, இறுதிப் பிரதிக்கு ஒரு தேதி, நடுவில் யார் எதைச் சரிபார்ப்பார் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டால் அந்த ஒரு வாரம் நியாயமாகவே கிடைத்துவிடும்.