படகுதான் வீடு

"கடல் பாக்க மாலத்தீவு வரைக்கும் போவணுமா? காசிமேட்டுல இல்லாத கடலா?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் கடல் வேற ரகம்.

கிட்டத்தட்ட 1,200 தீவு, அதுல ஆள் குடியிருக்கிறது சுமார் 200தான். மீதித் தீவுகளை வெறும் மணலும் தென்னையுமா பாக்கணும்னா படகுலயே தங்கறதுதான் வசதி. பவளப்பாறைக்கு நடுவுல படகு விடறது வெயில் உச்சியில இருக்கும்போதுதான். அப்பதான் அடி தெரியும்: கரும்பழுப்புன்னா பாறை, வெளிர் பச்சைன்னா மணல், அங்கதான் நங்கூரம். சாயங்காலம் வெயில் சாஞ்சுட்டா எங்க கேப்டன் அசையவே மாட்டார். நம்ம ஆளுங்க அலையைப் பாத்து ஓட்டுவாங்க, அவர் நிறத்தைப் பாத்து ஓட்டறார்.

கடல்ல குளியல், கடைசியா ஒரு சொம்பு நல்ல தண்ணி. லாரித் தண்ணிக்குக் குடத்தோட வரிசையில நின்னு வளந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? அண்ணா நகர் நண்பன்தான் பாவம், ரொம்பத் தவிச்சிட்டான்.

காலையில சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைஞ்ச மாஸ் ஹுனி, கூட ரொட்டி. தினமும் கிடைச்சாலும் அலுக்கல.

மாசிக் கருவாடு வாங்கியாந்திருக்கேன். வேணும்னா சீக்கிரம் வாங்க, தண்டையார்பேட்டைக்கு ஏற்கெனவே ஒரு பொட்டலம் போயாச்சு.