வேலூர் வயிறும் ஷெஃபீல்டு குளிரும்

வெளிநாடு போனால் பர்கரும் பீட்சாவும் தின்று உடம்பு போட்டுவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த எங்கள் கூட்டத்தைப் பார்த்த வரைக்கும் அது துளியும் பொருந்தவில்லை. ஷெஃபீல்டில் எங்களைச் சுற்றி வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று நம்ம பக்கத்துக் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன, பாதி வீடுகளில் கணவனுக்கோ மனைவிக்கோ நர்ஸ் வேலை. இவர்களில் பர்கர் தின்று பெருத்தவர் என்று ஒருவரையும் என்னால் காட்ட முடியாது. எல்லோர் வயிற்றையும் வளர்த்தது நம்ம ஊர்ச் சாப்பாடுதான், அதிலும் விசேஷச் சாப்பாடு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் சின்ன வயதில் பிரியாணி என்பது எப்போது வந்தது? கல்யாண வீட்டில், இல்லை பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டு பாய் கொடுத்தனுப்பினால், இல்லை மாமா யாராவது ஆம்பூர் பக்கம் போய்த் திரும்பினால். அன்றாடம் என்றால் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், மோர், வெயில் காலத்தில் கூழும் சின்ன வெங்காயமும். இங்கே வந்து ஊர் ஞாபகம் வாட்டும்போது யாருக்காவது கொள்ளு ரசம் ஞாபகம் வருகிறதா? சீரக சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும்தான் வருகிறது. சீரக சம்பா இந்தியக் கடையில் கிடைக்கிறது, கோழி சம்பளக் கணக்கில் பார்த்தால் மலிவு, ஒரு கட்டு வெந்தயக்கீரைதான் விலை, முருங்கைக்கீரை கண்ணில் படுவதே அபூர்வம். ஆக, கொண்டாட்டச் சாப்பாடெல்லாம் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது, சாதாரணச் சாப்பாடு காட்பாடி ஜங்ஷனிலேயே நின்றுவிட்டது. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று இங்கே யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: புதிதாக எந்த டயட்டும் வேண்டாம், ஊரில் திங்கட்கிழமை என்ன சாப்பிட்டீர்களோ அதைக் கொண்டுவாருங்கள்.

இங்கே விருந்து என்றால் சனிக்கிழமை ராத்திரி. சமைக்கிற வீட்டு அண்ணி "பத்தாமப் போயிடப் போவுது" என்று பயந்து பயந்தே இன்னும் அரைக்கிலோ அரிசி போடுவார். ஊரில் மிஞ்சினால் அக்கம்பக்கம் போய்விடும். இங்கே பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, அவருக்கு ஒரு கிண்ணம் போதும், அதையும் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். மீதி எல்லாம் டப்பாவில் அடைக்கப்பட்டு வந்தவர்கள் கையில் திணிக்கப்படும், அது செவ்வாய்க்கிழமை வரை மைக்ரோவேவில் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டில் உடைத்தது எடைக் கவலை இல்லை, கிருமி பயம். ஆக்கிய சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு நாளைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது இங்குள்ள தேசியச் சுகாதாரச் சேவையின் அறிவுரை. பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, வெளியில் கிடக்கிற சோற்றில் பெருகி நச்சை விட்டுவிடும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. நர்ஸ் வேலை பார்க்கிற என் மனைவி இதைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு ராத்திரிக்கு மேல் பழைய பிரியாணிக்கு எங்கள் ஃப்ரிட்ஜில் இடம் இல்லை. ஒரு வாரத்தில் நான்கு வேளை பிரியாணி ஒரு வேளையாகச் சுருங்கியது, யாரும் பட்டினி கிடக்கவில்லை.

எடை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஆஸ்பத்திரியில் உயரத்தையும் எடையையும் வைத்து பிஎம்ஐ கணக்குப் போடுவார்கள், பொதுவாக 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். நம்ம ஆட்கள் அந்த 25-ஐப் பார்த்து நிம்மதி ஆகிவிடுவார்கள். தெற்காசியர்களுக்கு அந்தக் கோடு 23-லேயே தொடங்குகிறது, 27.5 என்றால் பருமன். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிற உடம்பு நம்முடையது, அந்தக் கொழுப்பு தோலுக்கடியில் இல்லாமல் கல்லீரலையும் குடலையும் சுற்றி உட்காருகிறது, சர்க்கரை நோய்க்கு அதுதான் வழி.

இதில் வேலூருக்கே ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1969 முதல் 1973 வரை வேலூர் டவுனிலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை எடை, உயரம் எடுத்துக் குறித்து வைத்து, அவர்கள் பெரியவர்களான பிறகும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர்கள் தேடிப்போய்ச் சோதித்தார்கள். சின்ன வயதில் மெலிந்திருந்து, பின்னால் எடை வேகமாகக் கூடியவர்களுக்குச் சர்க்கரைப் பிரச்சினை கூடுதலாக வருவதை அந்த ஆய்வு காட்டியது. மெலிந்து வளர்ந்து, வேலைக்குப் போய் நாலு காசு பார்த்ததும் உடம்பு ஏறுவது என்றால் அது வெளிநாடு வந்த எங்கள் கதையேதான்.

மனைவி வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிற சோதனை இன்னும் எளிது. ஒரு கயிறை உச்சந்தலையில் இருந்து குதிகால் வரை பிடித்து வெட்டிக்கொள்ள வேண்டும். அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை இழுக்காமல். மடித்த கயிறு சுற்றி வந்து சேர்ந்தால் சரி, சேராவிட்டால் இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. 2022-இல் இருந்து இங்குள்ள மருத்துவ வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. சனிக்கிழமை விருந்துக்கு வந்த ஆம்பளைகள் எல்லாம் வரிசையில் நின்று வயிற்றை எக்கிக்கொண்டு கயிறு பிடித்ததைப் பார்த்திருக்க வேண்டும். குடியாத்தத்து அண்ணன் ஒருவர், "இதுக்கு எதுக்குமா தனியா கயிறு, அரைஞாண் கயிறு ஆறு மாசமா இறுக்கினே கீதே" என்றார். வாஸ்தவம், நம்ம ஆட்கள் இடுப்பிலேயே அளவு நாடாவைக் கட்டிக்கொண்டு திரிகிறோம், அது இறுகும்போது அளவைப் பார்க்காமல் கயிறைத்தான் மாற்றுகிறோம்.

டீ விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் சின்னது இல்லை. பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 30 கிராமைத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள அளவு. ஒரு டீஸ்பூன் என்பது 4 கிராம், குவித்துப் போட்டால் இன்னும் கூட. குளிருக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் முன்பே 32 கிராம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலியும் வீட்டில் சண்டையும்தான் மிச்சம், இரண்டை ஒன்றரை ஆக்கி, அப்புறம் ஒன்று ஆக்கினால் நாக்கு தானாகப் பழகிவிடும். பால் பாட்டிலையும் பார்த்து வாங்குங்கள், நீலம் என்றால் முழுக் கொழுப்பு, பச்சை என்றால் பாதி, சிவப்பு என்றால் கொழுப்பு எடுத்தது. புதிதாக வருகிற எல்லோரும் நீலத்தில் கை வைக்கிறார்கள், அதுதான் ஊர்ப் பால் மாதிரி கெட்டியாக இருக்கும் என்று. பச்சையில் டீ போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சிவப்பில் போட்டால் தெரியும், அது டீயே இல்லை, அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பாக்கெட் உணவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிக்னல் விளக்கு போல நிறம் போட்டிருப்பார்கள். 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல், கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல், உப்பு 1.5 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. ஆங்கிலம் தடுமாறுகிற ஊர்ப் பெரியவர்களுக்குக்கூட இது புரிந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் இந்தியக் கடையில் வாங்குகிற முறுக்கு, மிக்சர், ஊறுகாய் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்த நிறம் இருக்காது, அதனால் நம்ம ஐட்டம் எல்லாம் பச்சை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்புறம் நைட் டியூட்டி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை, நோயாளிகளின் உறவினர்கள் நன்றியோடு கொண்டுவந்து வைக்கிற சாக்லெட் டப்பா எப்போதும் மேஜை மேல் திறந்தே இருக்கும், விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் வரும்போது கை தானாகப் போகும். மனைவி போகும் முன் வீட்டிலேயே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்வார், நடுராத்திரிக்கு வேகவைத்த கொண்டைக்கடலையும் ஒரு ஆப்பிளும், காலையில் வந்ததும் இரண்டு இட்லி, அவ்வளவுதான். வந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் தூக்கமும் கெடும் உடம்பும் ஏறும் என்பது அவர் வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கடைப்பிடிக்கிறவர்கள்தான் கம்மி.

நடையைப் பொறுத்தவரை ஷெஃபீல்டு மாதிரி ஊர் அமைவது அதிர்ஷ்டம். எங்கே போனாலும் மேடு, பஸ் ஸ்டாப்புக்குப் போவதே ரத்தினகிரி படி ஏறுகிற மாதிரி இருக்கும். ஊரில் நாங்கள் நடந்தோம் என்றா நினைக்கிறீர்கள்? தெருமுனைக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வண்டி எடுப்போம், கேட்டால் வேலூர் வெயில் என்போம். இங்கே கேட்டால் குளிர் என்கிறோம். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஆபீஸ் முடிந்து நடக்கலாம் என்று திட்டம் போட்டால் மார்ச் வரை அது நடக்காது. நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் வெளியே நடக்கிறேன், மழை கோட்டோடு. சாப்பிட்ட உடனே நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கில் பாதி அதிலேயே போய்விடும், மிச்சத்தைக் கடைக்குப் போகிற நடையும் பையைத் தூக்கி வருகிற மேடும் பார்த்துக்கொள்கின்றன. வெயில் இல்லாத ஊரில் இன்னொன்றும் உண்டு, வைட்டமின் டி. அக்டோபரில் இருந்து மார்ச் தொடக்கம் வரை எல்லோரையும் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள், நம்ம நிறத்துக்கு அதை வருஷம் முழுக்க எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். வேலூரில் பிறந்தவன் வெயிலை மாத்திரையாக விழுங்குவான் என்று சொன்னால் எங்கள் நைனா, அதாவது அப்பா, நம்பவே இல்லை.

சாதாரணச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்த கதைக்கு வருகிறேன். முதலில் வந்தது களி. அதற்கான கேழ்வரகு மாவு இங்கேயே இந்தியக் கடையில் ராகி மாவு என்ற பெயரில் கிடைக்கிறது. நொய்க்குச் சாதாரண அரிசியை மிக்சியில் ஒரு சுற்று. நொய் குழைந்து வெந்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, மூடி, அடுப்பைக் குறைத்து அப்படியே விட வேண்டும், அவசரப்பட்டுக் கலக்கினால் கட்டி கட்டும். அப்புறம்தான் கிண்டல். கண்ணாடி மாதிரி வழவழ என்று இருக்கிற மின்சார அடுப்பு மேல் பாத்திரம் நிற்கவே நிற்காது, ஒருவர் துணி சுற்றிப் பாத்திரத்தைப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு கையாலும் கிண்ட வேண்டும். மரக்கரண்டி ஒன்று நடுவில் முறிந்தது. கையை நனைத்து உருண்டை பிடித்து, பாலக்கீரையைக் கடைந்து, நடுவில் குழி பண்ணி ஊற்றிச் சாப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்குப் பிஸ்கட் ஞாபகம் வராது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரையே ஏறாது என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான், மாவாக்கிக் குழைத்தால் வேகமாகவே செரிக்கும். கால்சியம் உண்டு, நார்ச்சத்து உண்டு, ஆனால் மூன்று உருண்டை தின்றால் மூன்று உருண்டைதான். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று, தட்டில் பாதி கீரையோ காயோ, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. சோறு ஆக்குகிற நாளிலும் இதே பங்கீடுதான்.

லீவுக்கு ஊருக்குப் போனால் எல்லாம் கொஞ்சம் கலைந்துவிடும், அது தெரிந்ததுதான். போன முறை அம்மா வாசலிலேயே நிறுத்தி, "இன்னா கண்ணு, இப்டி எளச்சிப் போயிட்டே, அங்க சோறே துன்றதில்லையா" என்று ஆரம்பித்துவிட்டார். அத்தை வீடு, சித்தி வீடு, மாமனார் வீடு என்று இலை போட்டபடியே இருந்தார்கள். ஆற்காட்டில் இருந்து மக்கன் பேடா என்கிற இனிப்பு வந்தது, அதை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் இன்னும் முன்னேறவில்லை, சொல்லவும் போவதில்லை. ஒன்று செய்தேன், காலையில் நைனாவோடு கோட்டைப் பக்கம் நடக்கப் போனேன். அகழி ஓரமாகக் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள், பாதிப் பேர் முடித்த கையோடு நேராக டீக்கடைக்குப் போய் ஒரு ஸ்ட்ராங் டீயும் சூடாக இரண்டு போண்டாவும் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுகிறார்கள். நைனாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். "நடந்துட்டோம்ல" என்றார், நான் வாயே திறக்கவில்லை.

இந்த வருஷம் வேலூரில் இருந்து புதிதாக வருகிற நர்ஸ் பிள்ளைகள் என்ன எடுத்து வரலாம் என்று மெசேஜ் போட்டுக் கேட்கிறார்கள். பிரஷர் குக்கரும் மசாலாப் பொடியும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வீட்டிலேயே உலர்த்திய முருங்கைக்கீரை, வறுத்த கொள்ளு கொஞ்சம் வையுங்கள். கேழ்வரகு மாவுக்கு இடத்தை வீணாக்க வேண்டாம், இங்கே கிடைக்கிறது. களி கிண்டுகிற துடுப்பு கிடைக்காது, அதைப் பெட்டியில் குறுக்காக வைத்தால் அடங்கும், எங்களுக்கும் ஒன்று சேர்த்து வாங்கி வாருங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்.