தொட்டி மண்ணுக்குள் காற்று போகணும்

கத்திரி வெயில் நேரத்தில் வீட்டுக்குள் இருக்கும் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா எல்லாம் ஒரே நாளில் தலையைத் தொங்கப் போட்டுவிடும். பார்த்ததும் கை தண்ணீர்ச் சொம்பைத் தேடும். ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தும் இலை வாடியிருக்கிறதா? அப்படியானால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. இன்னொரு சொம்பு ஊற்றினால் செடி போய்விடும்.

வேரும் சுவாசிக்கிறது. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்தால்தான் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்ச அதற்குத் தெம்பு வரும். அந்த இடுக்கெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் வந்து சேர வழியில்லை. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவு. மதுரைச் சூடு இதை இன்னும் மோசமாக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் வேரும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும். கொடைக்கானலில் ஒரு செடி தாங்கும் ஈரத்தை அதே செடி இங்கே தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்து மண்ணை மண்புழு கிளறிவிடும், எறும்பு துளைக்கும், ஆளும் கொத்திவிடுவார். வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு இந்த மூன்றும் இல்லை. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பொடி மண் கீழே இறங்கி இடுக்குகளை அடைக்கும். கலவையில் இருக்கும் தேங்காய் நார்க்கழிவும் நாளடைவில் மக்கித் தூளாகிவிடும். போதாக்குறைக்கு நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் சோடியம் இருந்தால் களிமண் துகள்களின் பிடிப்பைப் பிரித்துவிடும், பிரிந்த துகள் காய்ந்து மேலே ஓடு மாதிரி படியும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தெரிகிறதென்றால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முடிந்தால் மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு ஊற்றி, கீழே வழிந்து ஓடும்படி அலச வேண்டும். மண் ஏற்கெனவே இறுகியிருந்தால் முதலில் அதைத் தளர்த்திவிட்டுத்தான் அலசணும்.

இனி, இறுகிய மண்ணில் துளை போட்டுக் காற்று விடும் குச்சி வேலை. கம்பி, ஸ்க்ரூடிரைவர், கொத்துக்கரண்டி எதுவும் வேண்டாம், அவை வேரை அறுத்துவிடும். பென்சிலைவிடச் சற்றே மெலிந்த மூங்கில் குச்சி ஒன்று, முனை மழுங்கியதாக இருந்தால் போதும். சின்ன தொட்டிக்கு நான்கைந்து தென்னை ஈர்க்கைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

நேரம் பார்த்துச் செய்வது முக்கியம். மண் சொதசொதவென்று இருக்கும்போது குத்தினால் குச்சி போன வழியின் ஓரமெல்லாம் களிமண் பூசி மெழுகினது போல் அடைபடும். ஓட்டை இருக்கும், காற்று உள்ளே நுழையாது. எலும்பாகக் காய்ந்த மண்ணில் குத்தினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து மெல்லிய வேரையும் இழுத்துக்கொண்டு வரும். விரலில் மண் ஒட்டாமல், தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரியும் பதம்தான் சரி. தண்ணீர் ஊற்றி மூன்று நான்கு நாளில் அந்தப் பதம் வரும், ஏசி அறையில் ஒன்றிரண்டு நாள் கூட ஆகலாம்.

தூரிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொடங்குங்கள். 8 இஞ்ச் தொட்டிக்கு ஆறிலிருந்து எட்டு துளை, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில். குச்சியை நேராக, திருகித் திருகி, தொட்டி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறக்கணும். வழியில் எதிர்ப்பு தெரிந்தால் அது தடித்த வேர். அங்கே அழுத்தாமல் ஒரு விரல் தள்ளிக் குத்துங்கள். நெம்பவே கூடாது. பக்கவாட்டில் நெம்பினால் மண்கட்டி முழுசாகப் பெயர்ந்து, நீர் உறிஞ்சும் தூவி வேர்கள் அறுந்துபோகும். நெம்பியதுதான் காரணம் என்று தெரியாமல், ‘குத்தினேன், மறுநாளே வாடிருச்சு’ என்பவர்கள் நிறைய.

துளையை வெறுமனே விட்டால் அடுத்த இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றியதில் மூடிவிடும். பெர்லைட்டோ (பொரி மாதிரி இலேசான வெள்ளைக் கல்) உமிக்கரியோ எடுத்து, துளைக்கு அரை டீஸ்பூன் வீதம் உள்ளே விட்டுவிடுங்கள். பெர்லைட் என்றால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், அதன் தூசி மூச்சுக்குழாய்க்கு ஆகாது. மாதம் ஒரு முறைக்கு மேல் குத்தத் தேவையில்லை. மாதாமாதம் குத்தியே ஆகவேண்டிய நிலைமை என்றால் மண் கலவையே தப்பு. அதற்குத் தொட்டி மாற்றுவதுதான் வழி.

கலவை சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்து பார்க்கலாம். ஒரு பாலிதீன் பையைக் காலித் தொட்டிக்குள் விரித்துத் தண்ணீர் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பையை எடுத்துவிட்டு, அடித்துளைகளை டேப்பால் ஒட்டி, கலவையை நிரப்பி, மேலே தண்ணீர் பளபளவென்று தெரியும்வரை மெல்ல ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு ஒரு டப்பா மேல் வைத்து டேப்பைப் பிரியுங்கள். வடிந்து வரும் தண்ணீரின் அளவுதான் அந்தக் கலவை காற்றுக்கு விட்டுவைக்கும் இடம். 4 லிட்டர் தொட்டியில் 600 முதல் 800 மி.லி. வடிந்தால் நல்ல கலவை, அதாவது 15 முதல் 20 சதவீதம். 400 மி.லி.க்குக் கீழே போனால் எந்தக் குச்சியும் அதைக் காப்பாற்றாது.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் பருத்திக்குப் பொன், தொட்டிக்கு ஆகாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். அந்த இடுக்கு வழியே தண்ணீர் நேராகக் கீழே ஓடிவிடும், வேர்க்கட்டு காய்ந்தபடியே கிடக்கும். அதில் இரண்டு பிடி மணல் போட்டால் உதிரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் செங்கல் அறுக்கத்தான் உதவும். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண் தேவலாம்.

10 லிட்டர் கலவைக்கு: சலித்த செம்மண் 3 லிட்டர், அலசிய நார்க்கழிவு 3 லிட்டர், உமிக்கரி 1½ லிட்டர், மண்புழு உரம் 1½ லிட்டர், சுண்டல் அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி 1 லிட்டர், வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி. மணி பிளாண்ட், சிங்கோனியம் மாதிரிக் கொடிகளுக்குச் செம்மண்ணைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் தேங்காய் மட்டைத் துண்டு போடுங்கள். மட்டையை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக வெட்டி, தினமும் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவைத்தால் சிவப்புச் சாறும் உப்பும் இறங்கிவிடும். பாம்புக் கற்றாழைக்கும் ஜிஜி (ZZ) செடிக்கும் நார்க்கழிவைக் குறைத்துக் கரியைக் கூட்டுங்கள்.

நார்க்கழிவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு வரும். குறைந்தது மூன்று தண்ணீரில் அலசிப் பிழியணும். இல்லையென்றால் அதிலிருக்கும் உப்பே வேரைச் சுட்டுவிடும். உமிக்கரி வாங்கும்போதும் கவனம் வேண்டும். உமியின் வடிவம் குலையாமல் கறுப்பாக இருக்கணும். மில் அடுப்பிலிருந்து வரும் வெளுத்த சாம்பல் அது இல்லை. அந்தச் சாம்பல் ஈரத்தில் பிசுபிசுத்து இடுக்குகளை அடைக்கும். நல்ல உமிக்கரியும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், அதனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். எம்-சாண்ட் சேர்ப்பதாக இருந்தால் சலித்து, கழுவி, குருணை அளவு இருப்பதை மட்டும் எடுங்கள்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் சொட்டும். மண்ணும் இப்படித்தான். அடியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மண் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு மேலே காற்றுக்கு இடம். ஜல்லி போட்டால் அந்த ஈரப்பகுதி ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இருந்த இடமும் குறையும். துளை மேல் ஒரு ஓட்டுச் சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

தொட்டி மாற்றும்போது பழையதைவிட இரண்டு இஞ்ச் மட்டும் பெரியதாக எடுங்கள். கறுத்து, பிடித்தால் தோல் உருவிக்கொண்டு வரும் வேரை வெட்டிவிட்டு, வெளுத்த உறுதியான வேரை வையுங்கள். மண்ணைக் கையால் அமுக்கவே வேண்டாம். தொட்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் படியவேண்டியது படியும். கையால் அமுக்கினால் அளந்து சேர்த்த காற்றெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வெளியே போய்விடும். மானாமதுரை மண்தொட்டி என்றால் சுவர் வழியாகவும் ஈரம் கசிந்து ஆவியாகும், அதனால் தண்ணீர் சீக்கிரம் தேவைப்படும். பிளாஸ்டிக் என்றால் பக்கவாட்டில் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் நான்கு துளை போட்டுக்கொள்ளலாம். அடித்தட்டில் வடியும் தண்ணீரை அரை மணிக்குள் கொட்டிவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் தொட்டி மாற்றவேண்டாம். ஆவணியிலோ தை, மாசியிலோ செய்தால் வேர் சீக்கிரம் பிடிக்கும். எடுத்த பழைய மண்ணை வீணாக்க வேண்டாம். வேர் அழுகல் இல்லாத தொட்டியின் மண்ணாக இருந்தால் மொட்டை மாடியில் மெல்லிசாகப் பரப்பி ஒரு வாரம் காயவிட்டு, சலித்து, சல்லடையில் தங்குவதை மட்டும் அடுத்த கலவைக்கு எடுத்துவையுங்கள். கீழே விழும் பொடியைச் செம்பருத்தித் தூரில் கொட்டிவிடலாம்.